கேளுங்கள், சொல்கிறேன்: மதகும் மனுவும்

கேள்வி: மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கை குளமாகிவிடுகிறது. பிரதேச சபைக்கு இரண்டு தரம் போய்ச் சொல்லியும் பலனில்லை. தனி ஆளாக என்ன செய்யலாம்?
– வாசகி, வலிகாமம்

பதில்: தங்கச்சி, ‘போய்ச் சொன்னேன்’ என்கிறீர்களே, அங்கேதான் பிழை. வாயால் சொன்னதற்குக் கோப்பு கிடையாது.

நானும் மூன்று வருடம் தேத்தண்ணிக் கடையில் நின்று எங்கள் வாய்க்காலைத் திட்டினவன்தான். பிறகு ஒரு நாள், நல்ல மழைக்குள், பேரன் குடை பிடிக்கத் தண்ணீர் போகும் வழியே நடந்தேன். அடைப்பு எங்கள் வாசலில் இல்லை. நாலு வீடு தள்ளி ஒருவர் படலைக்கு மண் கொட்டி மதகை மூடியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, சொன்னதும் குழாய் போட்டார். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மீதிக்குத்தான் சபை. எந்த மதகு, எத்தனை வீடு என்று எழுதி, படத்தோடும் அயலவர் கையெழுத்தோடும் சனசமூக நிலையம் மூலம் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். விதானையாருக்கும், அதுதான் கிராம அலுவலருக்கும், ஒரு பிரதி. நுளம்பு பெருகினால் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒன்று.

சரி, பதிலே வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?’ என்று சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் மழை வந்துவிடும், ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஒழுங்கையிலும் மதகை மூடியவர் இருந்தால், கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்கே முதலில் போங்கள்.