கோத்தகிரி சாலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோபியிலிருந்து எழுதுகிறேன். மே மாதம் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறினோம். திரும்பும்போது எல்லா வண்டிகளையும் கோத்தகிரி வழியாகத்தான் இறக்கிவிட்டார்கள். நெரிசலைக் குறைக்கப் பிற்பாடு போட்ட மாற்றுச் சாலை இது என்றார் டிரைவர். எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் மாநில நெடுஞ்சாலை 15-ம் இதுவும் ஒன்றுதானா? இதற்கு வரலாறு ஏதும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றேதான். ஈரோட்டில் கிளம்பி கோபி, சத்தி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று ஊட்டி வரை போவது 15. மாற்றுச் சாலை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோவைப் பக்கமிருந்து நீலகிரிக்குக் கும்பெனி அரசு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, முதலில் வெட்டிய பாதை கோத்தகிரிக்குத்தான். குன்னூர் வழி பிறகு வந்தது.

1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் மலையடிவாரத்து டணாய்க்கன்கோட்டையிலிருந்து மலையேறினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவனும் கோத்தகிரிப் பக்கம்தான் போனார். இவர்கள் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். படுகர்களும் இருளர்களும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய தடங்கள் அவை. வந்தவர்கள் அந்தத் தடத்தில் நடந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சல்லிவன் முயற்சியில், சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிக்குக் குதிரை போகும் அளவுக்கு ஒரு பாதை வெட்டினார்கள். 1821-ல் தொடங்கி 1823-ல் முடிந்த அந்த வேலையை நடத்தியவர் மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரி. மலைமேல் ஐரோப்பியர் முதலில் வீடு கட்டிக்கொண்டதும் திம்பட்டியில்தான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவனின் பங்களாவைப் பழுதுபார்த்து இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு ஊட்டி வளர்ந்தது. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1899-ல் ரயிலும் குன்னூருக்கே ஏறியது. சிறுமுகைப் பாதையைக் கேட்பாரில்லை. நீங்கள் இறங்கி வந்த சாலை அதே தடம் அல்ல. அது மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகப் பின்னாளில் போட்டது. ஆனால் மலையடிவாரத்துச் சிறுமுகை இன்றும் உங்கள் சத்தி ரோட்டில்தான் இருக்கிறது.

டணாய்க்கன்கோட்டை என்ன ஆனது என்றால், 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையின் நீருக்குள் போய்விட்டது. ஒய்சள மன்னர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்கள் ஆண்ட இடம் அது. மழை பொய்த்து நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் மாதவப் பெருமாள் கோயிலின் கல்தூண்கள் வெளியே தெரியும். சேறு காய்ந்து வெடித்த தரையில் நடந்து போய்ப் பார்க்க ஜனங்கள் வருவார்கள். மலைக்கு அந்த நாளில் வாசலாக இருந்த இடம் நீருக்கடியில் கிடப்பதால்தானோ என்னவோ, இந்த வழியின் கதை நம்மூரிலேயே மறந்துபோனது. பள்ளிப் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் சாலைக்கே வரும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், அது போகும்வரை தள்ளியே நில்லுங்கள்.

அன்புடன்