வாசகர் கேள்வி – பதில்: சம்பளம் குறைந்த வீட்டில் கடனும் நகையும்

இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக உயர்ந்த பிறகு, பனியன் ஏற்றுமதியை நம்பியிருக்கும் திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து இந்தக் கேள்வி – பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மையே மாறிவிட்டது. எதில் முதலீடு செய்யலாம் என்று கேட்டவர்கள், எந்தத் தவணையை முதலில் கட்டுவது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தீபாவளி போனஸும் செலவான 2025 நவம்பரில் வந்தவற்றில் ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் செக்கிங் வேலைக்கும் என் கணவர் டெய்லர் வேலைக்கும் ஒரே பனியன் கம்பெனிக்குப் போகிறோம். சனிக்கிழமை இருவருக்குமாக 5,600 ரூபாய் வந்த வீட்டில், இப்போது வாரத்துக்கு மூன்று, நான்கு நாள்தான் வேலை என்பதால் 3,400 ரூபாய் வருகிறது. மூன்று குழுக்கடன்களுக்கு வாரத் தவணை 1,850 ரூபாய். இன்னொரு நிறுவனத்தார் வந்து, “60,000 ரூபாய் தருகிறோம், பழையதை அடைத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு வாசகி, பெருமாநல்லூர்)

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. “மீதியை வைத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் சொல்லும்போதே, உங்கள் மொத்தக் கடன் குறையப் போவதில்லை, கூடப் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. வாரம் 3,400 ரூபாய் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 14,700 ரூபாய். வாரம் 1,850 ரூபாய் தவணை என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான நுண்கடன்களைப் (உங்கள் குழுக்கடன்களும் இதில் சேரும்) பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு குடும்பம் கட்ட வேண்டிய எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீங்கள் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். அப்படியிருந்தும் ஒருவர் கடன் தர முன்வருகிறார் என்றால், அவர் விண்ணப்பத்தில் உங்கள் வருமானமாக எந்தத் தொகையை எழுதுகிறார் என்று பாருங்கள். அநேகமாகப் பழைய 5,600 ரூபாய்க் கணக்காகவே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, தவணை தவறுவதற்கு முன்பே மூன்று நிறுவனங்களின் கிளைகளுக்கும் நேரில் போய், வேலை நாள் குறைந்துவிட்டதை எழுதிக்கொடுத்து, வாரத் தவணையின் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்துத் தரும்படி கேட்பதுதான். கம்பெனி தரும் சம்பளச் சீட்டோ, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவோ இருந்தால் நகலை இணைத்து, கடிதத்தின் மறுபிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீட்டித்துத் தந்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் மூன்று தவணை தவறிய பிறகு கேட்பவருக்கு இருக்கும் மரியாதையைவிட, தவறும் முன்பே வந்து கேட்பவருக்கு இருக்கும் மரியாதை மிக அதிகம் என்பதை வங்கிக் கிளையில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழுவில் உள்ள மற்றப் பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் தவணையை அவர்கள் தலையில் கட்டும் நாளில் முதன்முதலாக அவர்களுக்குச் செய்தி தெரிந்தால், கடனோடு அக்கம்பக்கத்து உறவும் சேர்ந்து போய்விடும்.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது. மிரட்டவோ, தகாத வார்த்தை பேசவோ, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்யவோ கூடாது. மீறினால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான வழியை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: இந்த மூன்று கடன்தான் மொத்தமுமா? சென்ற மாதம் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இடப்பக்கம் சனிக்கிழமைச் சம்பளத்தையும் வலப்பக்கம் தவணைகளையும் வாரம் தவறாமல் எழுதி, கட்டிய தவணைக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு வாரமும் 700 ரூபாய் எங்கே போனது என்பது மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பெனி வாசலுக்கு வரும் தண்டல்காரருக்குத் தான் தினமும் 100 ரூபாய் கட்டி வருவதாகச் சொன்னார். மனைவி பேனாவை எடுத்து, ஒன்றும் பேசாமல், வலப்பக்கத்தின் அடியில் ‘தண்டல் 700’ என்று எழுதினார். அன்றைக்குத்தான் அந்த வீட்டின் உண்மையான கணக்கு நோட்டில் ஏறியது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவை தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. அதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அத்தகைய கடன் உங்கள் வீட்டில் இருந்தால், அதைத்தான் முதலில் வெளியே சொல்ல வேண்டும். முதலில் அடைக்க வேண்டியதும் அதுதான்.

கேள்வி: பத்துத் தையல் மெஷின் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். எட்டுச் சவரன் நகை வங்கியில் 3 லட்சம் ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கு இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் கிடைக்கும் என்கிறார்கள். யூனிட்டை ஓட்ட அதை வாங்கலாம் என்று நினைக்கிறேன், மனைவிக்கு மனமில்லை. (ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்)

பதில்: உங்கள் மனைவி சொல்வதன் பக்கம்தான் நான் நிற்கிறேன், ஐயா; காரணத்தைச் சொல்கிறேன். சவரன் 90,000 ரூபாயைச் சுற்றி நின்ற 2025 நவம்பர் விலையில் எட்டுச் சவரனின் மதிப்பு 7,20,000 ரூபாய். அதில் 75 சதவீதம் என்றால் 5,40,000 ரூபாய் வரை கடன் தரலாம் என்பதால், கூடுதலாக 2,40,000 ரூபாய் கிடைக்கும் என்ற கணக்கு சரிதான். ஆனால் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், இப்போது மாதத்துக்கு 2,250 ரூபாயாக இருக்கும் வட்டி 4,050 ரூபாயாகிவிடும். ஓராண்டு முடிவில் வட்டியைக் கையிலிருந்து கட்டினால்தான் கடனைப் புதுப்பிக்க முடியும். தங்கம் விலை இறங்கினால், ஈடு போதவில்லை என்று வங்கி கேட்கும் தொகையையும் நீங்கள்தான் கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருக்கும். விலையேற்றத்தால் உங்கள் நகைக்குக் கிடைத்த பாதுகாப்பு இடைவெளி இது. அதை இன்றே கடனாக எடுத்துவிட்டால் அந்த இடைவெளி இல்லாமல் போய்விடும்.

நகையைத் தொடும் முன் உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேளுங்கள். தைத்துக் கொடுத்த பீஸ்களுக்கு எத்தனை பில் நிலுவையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஜாப் ஒர்க் செய்கிறவர்களில் நிலுவை இல்லாத ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லையென்றால் 15 நாட்களிலும் பணம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் கூட்டு வட்டி கேட்கவும், அதற்கான வசதியாக்கக் குழுவிடம் முறையிடவும் உரிமை உண்டு. பழகிய கம்பெனியின் மீது புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் பதிவு எண்ணையும் பில் தேதியையும் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதில் உறவு கெட்டுவிடாது.

இரண்டு லட்சத்தை எதற்குச் செலவிடப் போகிறீர்கள் என்பதையும் மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். கையில் ஆர்டர் இருந்து, அதை முடித்தால் இன்ன தேதியில் பணம் வரும் என்று சொல்ல முடிந்தால், அந்த அளவுக்கு மட்டும் கடன் வாங்கலாம். ஆர்டர் இல்லாமல் வாடகையும் மின்கட்டணமும் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்காக வாங்கினால், நான்கைந்து மாதத்தில் பணமும் கரைந்துவிடும், எட்டுச் சவரனும் கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் பாதி மெஷினை ஓரம் கட்டி, சிறிய ஷெட்டுக்கு மாறி, உள்நாட்டு ஆர்டருக்குத் தைப்பதே நல்லது. நகைக் கடன் மேசையில் இருந்த நாட்களில், கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த நோட்டுகளை எண்ணி வட்டி மட்டும் கட்டிவிட்டு, பையில் இருக்கும் தன் வளையலை ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துப்போன பெண்கள் என் நினைவில் இருக்கிறார்கள். அந்த நகை அவர்கள் பிறந்த வீட்டுச் சீர். உங்கள் வீட்டு நகையின் மீது கூடுதல் கடன் வாங்குவதற்கு உங்கள் மனைவியின் சம்மதம் கண்டிப்பாக வேண்டும்.

கேள்வி: ஏழு ஆண்டுகள் வேலை செய்த கம்பெனியில், ஆர்டர் இல்லை, ராஜினாமா எழுதிக்கொடுத்தால் கணக்கை உடனே முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய். பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாமா? (ஒரு வாசகர், பல்லடம்)

பதில்: முதலில் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. ஆர்டர் இல்லை என்று நிர்வாகமே உங்களை நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் இழப்பீடாகத் தர வேண்டும் என்று, தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நீங்களே விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த இழப்பீட்டைக் கேட்க வழியில்லை. பணிக்கொடை வேறு, ஐந்து ஆண்டு முடித்தவருக்கு எப்படி விலகினாலும் அது உண்டு. 13,000 ரூபாயை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500 ரூபாய். ஏழு ஆண்டுக்கு 52,500 ரூபாய். அவர்கள் ‘முடித்துத் தரும்’ கணக்கில் இந்தத் தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

பி.எஃப். பணத்துக்கு 2024–25-ஆம் ஆண்டு 8.25 சதவீத வட்டி தரப்பட்டது. உங்கள் கடனின் வட்டி 24 சதவீதம் என்றால், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து அதை அடைப்பதில் தவறில்லை. ஆனால் ஓய்வூதியப் பகுதியைத் தொட வேண்டாம். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி தேவை. உங்களுக்கு ஏழு ஆண்டு சேர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டால் அடுத்த கம்பெனியில் கணக்கு மறுபடி முதல் ஆண்டிலிருந்து தொடங்கும். எடுக்காமல், உங்கள் பி.எஃப். கணக்கை அடையாளம் காட்டும் அதே யு.ஏ.என். எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்துத் தொடருங்கள், அல்லது இதுவரையிலான பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தால், வேலையிழந்தவருக்கு 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதியைத் தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா, அதற்கு நீங்கள் தகுதியானவரா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க எல்.ஐ.சி. பாலிசியையும் மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி, அவிநாசி)

பதில்: மருத்துவக் காப்பீட்டை நிறுத்த வேண்டாம், இடைவெளி விழுந்தால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதால், புதுப்பிக்கும் தொகை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் பெற்றுக்கொள்ளுங்கள். எல்.ஐ.சி. சேமிப்புப் பாலிசியை இடையில் ஒப்படைத்தால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடக்கூடும். பிரீமியம் கட்ட 30 நாள் கருணைக் காலமும், மாதாமாதம் கட்டுபவருக்கு 15 நாளும் உண்டு. அதிலும் முடியாவிட்டால், பிறகு புதுப்பித்துக்கொள்ள வழி இருப்பதால், ஒப்படைப்பதைவிடக் கொஞ்ச காலம் விட்டுவைப்பது மேல்.

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்றினால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று இருக்கிறது. (ஒரு வாசகர், ஊத்துக்குளி)

பதில்: இந்த ஆண்டை அங்கேயே முடிக்கட்டும். நடுவில் மாற்றாமல், இரண்டாம் பருவக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுத் தலைமையாசிரியரைப் பாருங்கள். மாற்றுவதென்றால் ஆறாம் வகுப்பு மிகச் சரியான இடம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரியில் சேரும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியைத்தான் பார்க்கிறார்கள். ஓராண்டு தள்ளிப்போட்டால் இந்த உரிமைகள் மகளுக்குக் கிடைக்காமல் போகும். உறவினர் கேட்டால் இதையே சொல்லுங்கள். மகளிடமும் மறைக்காமல், அவளை அழைத்துக்கொண்டு ஒரு வேலை நாளில் அந்தப் பள்ளிக்குப் போய், வகுப்பறையையும் விளையாட்டுத் திடலையும் காட்டிவிட்டு, ஆறாம் வகுப்பு ஆசிரியரோடு ஒரு கால்மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.