லிஸ்பனில் 15 டிகிரி என்றால் ஊட்டிக் குளிர்தானா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நான், கணவர், 9 வயது மகன், 67 வயது மாமியார் நால்வரும் போர்ச்சுகலின் லிஸ்பன் நகருக்கு எட்டு நாள் போக நினைக்கிறோம். பள்ளி விடுமுறையில்தான் முடியும். அதனால் டிசம்பர் கடைசி வாரம், இல்லாவிட்டால் மே. இணையத்தில் டிசம்பருக்கு 15 டிகிரி என்று போட்டிருக்கிறது. 'ஊட்டிக் குளிர்தானே, ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு டிசம்பரிலேயே போய்விடலாம்' என்கிறார் கணவர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்குக் கடலில் குளிக்க வேண்டும். எப்போது போவது நல்லது?"

மே மாதம் போங்கள், அதிலும் பிற்பாதியில். உங்கள் மாமியாரை நினைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் பார்த்த எண்ணில் தவறில்லை. டிசம்பர், ஜனவரியில் லிஸ்பனின் சராசரிப் பகல் வெப்பம் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் 8, 9 வரை இறங்கும். ஊட்டியில் ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதுண்டு, லிஸ்பன் நகருக்குள் அப்படிப் பார்ப்பது அபூர்வம். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் லிஸ்பன் மென்மையான ஊர். ஆனால் அந்த எண், திறந்த வெளியில் நிழலில் வைத்த கருவி காட்டுவது. நீங்கள் தூங்கப் போகும் அறை அதில் இல்லை. காற்றும் ஈரமும் இல்லை.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் லிஸ்பன் குளிரின் பாதி அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ப் பயணிகள் ஆசைப்பட்டு எடுக்கும் அல்ஃபாமா, கிராசா போன்ற பழைய பகுதி வீடுகள் கோடை வெயிலைத் தடுப்பதற்காகக் கட்டியவை. தடித்த சுவர், ஓடு பதித்த தரை, இடுங்கிய தெரு. வடக்கு ஐரோப்பாவில் இருப்பதுபோல வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இவற்றில் பெரும்பாலும் இருக்காது. மூலையில் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தால் உண்டு. குளிர்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியிருக்கும், துவைத்துப் போட்ட துண்டு மூன்று நாளானாலும் காயாது. வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாகப் போர்ச்சுகல் ஐரோப்பியக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளூர்க்காரர்களுக்கே அதுதான் நிலை.

ஒரு ஜனவரியில் நான் அங்கே தங்கியபோது இதை உடம்பால் தெரிந்துகொண்டேன். வெளியே சதுக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தால் கோட்டைக் கழற்றத் தோன்றும், அறைக்குத் திரும்பினால் மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். ராத்திரி காலுறையோடுதான் தூக்கம். மூட்டு வலியோடு இருக்கும் ஒருவரை எட்டு நாள் இப்படி ஓர் அறையில் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

வெயிலும் கோவை வெயில் அல்ல. டிசம்பர் கடைசியில் கோவையில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். லிஸ்பனில் 28 டிகிரிதான். குறுகிய தெருவில் கீழ்த்தள வீட்டு ஜன்னலுக்கு அந்த வெளிச்சம் எட்டவே எட்டாது. விடிவது கிட்டத்தட்ட எட்டு மணிக்கு, இருட்டுவது ஐந்தரைக்குள். ஒன்பதரை மணி நேரப் பகலில் காலைச் சாப்பாடு, கிளம்புவது எல்லாம் போக, சுற்றிப் பார்க்க மிஞ்சுவது ஏழு மணி நேரம் இருந்தாலே அதிகம்.

அப்புறம் மழை. ஐரோப்பா என்றால் வருடம் முழுக்கத் தூறும் என்று பலர் நினைக்கிறார்கள். அது லண்டன் பக்கத்துக் கதை. லிஸ்பனில் ஜூலையில் சராசரி மழை 5 மில்லிமீட்டர்கூட வராது. நவம்பர், டிசம்பரிலோ மாதத்துக்கு 120ஐத் தாண்டும். காரணம் அட்லாண்டிக் கடலில் அசோர்ஸ் தீவுகளின் பக்கம் நிலைகொள்ளும் உயர் அழுத்த மண்டலம். கோடையில் அது வடக்கே நகர்ந்து பரவி, மழைமேகங்களைப் பிரிட்டன் பக்கம் திருப்பிவிடும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கிவிடுவதால் கடலிலிருந்து வரும் புயல்மழை நேராக லிஸ்பனுக்குள் நுழையும். நமக்கும் வடகிழக்குப் பருவமழை ஆண்டின் கடைசி மாதங்களில்தான். ஆனால் கோவையில் நனைந்தால் துடைத்துக்கொண்டு போய்விடலாம். 11 டிகிரியில் காற்றோடு நனைந்தால் அந்த நாளே போய்விடும்.

டிசம்பர் சராசரியை நம்பித் திட்டம் போடவும் முடியாது. சில வருடம் வாரக்கணக்கில் நீல வானம், மழையே இருக்காது. 2022 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை கொட்டிய மழையில் லிஸ்பனின் சுரங்கப்பாதைகளும் தாழ்வான தெருக்களும் மூழ்கின. உங்கள் எட்டு நாள் இந்த இரண்டில் எதில் விழும் என்று டிக்கெட் எடுக்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

முழங்காலுக்கு வருகிறேன். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர், ஏழு குன்றுகளின் நகரம் என்றே சொல்வார்கள். நடைபாதைகளில் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் கையால் பதித்திருப்பார்கள். கல்சாடா என்று பெயர். பார்க்க அவ்வளவு அழகு. நூறு வருடக் காலடியில் வழவழப்பான அந்தக் கல், மழை பட்டதும் சோப்புத் தடவியதுபோல ஆகிவிடும். இறக்கத்தில் வாலிபர்களே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

மே பிற்பாதியில் இதெல்லாம் மாறிவிடும். பகலில் 22, 23 டிகிரி, இரவில் 13, 14. மழை மிகவும் குறைந்திருக்கும். 'ஏப்ரலில் ஆயிரம் தண்ணீர்' என்று போர்ச்சுகீசியர் பழமொழி சொல்வார்கள், அதனால்தான் மே முதல் வாரத்தைவிடப் பின்பாதியைச் சொல்கிறேன். இருட்ட ஒன்பது மணி ஆகும். மாமியார் மதியம் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் முழுசாக ஒரு மாலை மிச்சம் இருக்கும். ஜகராண்டா மரங்கள் தெருத்தெருவாக ஊதா நிறத்தில் பூக்கத் தொடங்குவதும் அப்போதுதான். ஜூன் 12 இரவு அந்தோணியார் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் கூட்டமும் அறை வாடகையும் ஏறும். நீங்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுவீர்கள்.

மே மாதத்திலும் ஒரு விஷயம் பலரை ஏமாற்றும்: காற்று. வெயில் காலத்தில் ஐபீரிய நிலப்பரப்பு சூடாகச் சூடாக, கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். அதற்கு நொர்த்தாடா என்று பெயர். மதியத்துக்கு மேல் வலுத்து, பொழுது சாய்ந்த பிறகும் நிற்காது. மத்தியானம் சட்டையோடு திரிந்தவர்கள் ராத்திரி ஆற்றங்கரையில் நடுங்குவார்கள். ஆகஸ்டிலேயே இதைப் பார்க்கலாம். ஆளுக்கொரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும், மாமியாருக்கு ஒரு கனமான சால்வையும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். எப்போதாவது கிழக்கிலிருந்து காற்று திரும்பினால் மே கடைசியிலேயே 30ஐத் தாண்டும். அப்படிக் கிழக்குக் காற்று வீசிய ஒரு நாளில்தான், 2018 ஆகஸ்ட் 4 அன்று, லிஸ்பனில் 44 டிகிரி பதிவானது. அதனால் அறை எடுக்கும்போது ஏசி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறை வேண்டாம்.

லிஸ்பனுக்குப் பக்கத்தில் அரண்மனைகளுக்குப் பேர்போன மலையூரான சிந்த்ராவுக்கு நிச்சயம் போவீர்கள். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் வானிலையில் அது வேறு ஊர். 500 மீட்டருக்கு மேல் எழும்பும் அந்த மலையில் கடல்காற்று மோதி மேலேறிக் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். லிஸ்பனில் பளிச்சென்ற வெயில் அடிக்கும்போது மலைமேல் இருக்கும் பெனா அரண்மனை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கைபேசியில் லிஸ்பன் என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். போர்ச்சுகல் வானிலைத் துறையான இப்மாவின் தளத்தில் சிந்த்ரா என்று தனியாகப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் அதிலேயே வரும். அரண்மனை அனுமதிச் சீட்டுக்கு நேரம் குறித்து முன்கூட்டியே வாங்க வேண்டியிருப்பதால், பயணத்தின் நடுவில் ஒரு நாளை ஒதுக்கி, இரண்டு மூன்று நாள் முன்பு முன்னறிவிப்பைப் பார்த்து வாங்குவது நல்லது.

டிசம்பர்தான் முடியும் என்று ஆகிவிட்டால், பழைய பகுதியை விட்டு, சூடாக்கும் வசதியுள்ள ஹோட்டலாக எடுங்கள். விளம்பரத்தில் ஹீட்டர் என்று இருந்தால் மட்டும் போதாது, எல்லா அறைக்கும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தெற்குப் பார்த்த அறை, இரண்டாம் தளத்துக்கு மேல், லிஃப்டோடு. ஸ்வெட்டருக்கு அடியில் தெர்மல் உடுப்பு, மேலே தலையை மூடும் ரெயின்கோட். குடை அங்கே காற்றில் மடங்கிவிடும். ரப்பர் அடியுள்ள மூடிய ஷூ எல்லோருக்கும். கிறிஸ்துமஸ் அன்றும் ஜனவரி 1 அன்றும் பெரும்பாலான இடங்கள் மூடியிருக்கும்.

உங்கள் மகனிடம் கடலைப் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள். அதே வடக்குக் காற்று மேல்மட்ட நீரை அப்பால் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஆகஸ்டிலேயே 20 டிகிரியைத் தாண்டுவது அரிது, மே மாதத்தில் 16, 17தான். கன்னியாகுமரி, ராமேசுவரக் கடலை மனதில் வைத்துக்கொண்டு ஓடிப் போய் விழுந்தால் மூச்சு முட்டும். லிஸ்பனுக்கு மேற்கே இருக்கும் கின்ஷு கடற்கரை வேண்டாம், அங்கே காற்றில் மணல் முகத்தில் அடிக்கும். லிஸ்பனை ஒட்டி ஓடும் தேஜு ஆற்றுக்குத் தெற்கே அராபிடா மலைக்கு அடியில் தெற்குப் பார்த்த சிறு கடற்கரைகள் உண்டு. மலை வடக்குக் காற்றை மறைத்துக்கொள்ளும், அலையும் சாந்தம். தண்ணீர் அங்கேயும் சில்லென்றுதான் இருக்கும். முழங்கால் அளவு இறங்கிப் பத்து நிமிடம் ஆடிவிட்டு, ஓடி வந்து வெயிலில் சூடான மணலில் படுத்துக்கொள்ளட்டும். காய்ந்த துண்டு இரண்டு எடுத்துப் போங்கள்.