பெயர் கெடாமல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கிறோம். போன மாதம் தெரிந்த குடும்பத்தில் 24 வயதுப் பெடியன் ஒருவன் இறந்துபோனான். மரண அறிவித்தலில் 'திடீர் மாரடைப்பு' என்று போட்டார்கள். ஃபென்டனில் என்ற போதைமருந்துதான் காரணம் என்பது செத்தவீட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் 31 ஓவர்டோஸ் (அளவு மீறிய போதை) விழிப்புணர்வு நாள். எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு நிகழ்வு வைக்க நினைக்கிறோம். ஊதா விளக்கு, மெழுகுதிரி, ஒரு டொக்டரின் உரை. எங்கள் சமூகத்தின் பெயர் கெடாமல் இதை எப்படிச் செய்வது? ஓவர்டோஸ் ஆனவரை எழுப்புகிற நலோக்சோன் ஸ்பிரேயைக் கையில் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். விளக்கு, மெழுகுதிரி விஷயமெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நலோக்சோன் துணிச்சல் தராது. அது போதையை ஒரேயடியாகப் பிடுங்கி எடுத்துவிடும். குமட்டலும் நடுக்கமுமாகத்தான் எழுந்து உட்கார வேண்டியிருக்கும். அதை நம்பி யாரும் போதை போடுவதில்லை.

ஆனால் 'பெயர் கெடாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. யார் பெயர்? கனடாவில் 2016 முதல் 2024 முடிய ஓபியாய்டு என்கிற அபின் வகைப் போதைமருந்துகளால் 50,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். கட்டட வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயர் மட்டும் வந்துவிடக் கூடாதா? 24 வயதில் ஒரு பிள்ளை போயிருக்கிறான், நீங்கள் சங்கத்தின் பெயரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

சரி, இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. அந்த 'மாரடைப்பை' நானும் சொன்னவள்தான்.

என் சித்தி மகன். இத்தனை வருடமாக எழுதுகிறேன், அவன் பெயர் ஓரிடத்திலும் வந்ததில்லை. ரவி. சென்னையில் பாலிடெக்னிக் படிக்கும்போது போதைப் பவுடர் பழகி, அப்புறம் ஊசிக்குப் போனான். வீட்டில் அவனுக்குத் தனி டம்ளர். மற்றவர்கள் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தார்கள். தண்ணீர் மொள்ளும் முன் ஒவ்வொரு முறையும் அவனே அதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்வான்.

1995-இல் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். மூன்று மாதம். திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை போட்டிருந்தது. சித்தி அந்த டம்ளரைத் தூக்கிப் பரணில் போட்டாள். பதினோராவது நாள் ராத்திரி அவன் அறையிலிருந்து பலமான குறட்டை. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். "பாவம், எத்தனை நாளைக்கப்புறம் இப்படித் தூங்குறான்" என்று சித்தி கதவை மெல்லச் சாத்தினாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஒரு மணி நேரம் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நன்றாக அசந்துவிட்டான் என்று நாங்களும் போய்ப் படுத்தோம்.

இதற்கு மேல் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஓபியாய்டு வகை போதை, மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை மந்தமாக்கும். நாக்கும் தொண்டையும் தளர்ந்து காற்று போகிற வழி பாதி அடைபடும். கொரகொரவென்று வருகிற சத்தம் அதுதான். வெளியிலிருந்து கேட்டால் அசல் குறட்டை. உள்ளே போய்ப் பார்த்தால் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். உலுக்கினாலும், நடுநெஞ்செலும்பை முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாலும் விழிப்பு வராது. அந்த ஒரு மணி நேரமும் ரவியைக் காப்பாற்றியிருக்கலாம். நாங்கள் அவன் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டோம்.

ஏன் மையத்துக்குப் போய் வந்த பிறகு? போதையை விட்ட சில வாரங்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவு இப்போது ஆளைக் கொல்லும். சிகிச்சையிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ஆபத்து மிக அதிகம். ரவியை அனுப்பிவைத்தபோது எங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. கோவிலுக்குக் கூட்டிப்போங்கள், பழைய நண்பர்களைச் சேர்க்காதீர்கள் என்றார்கள்.

காலையில் மாரடைப்பு என்று ஆயிற்று. பால்காரரிடமும் எதிர்வீட்டிலும் நான்தான் போய்ச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து நாலு வீடு தள்ளி இன்னொரு பையன் போனான். அவனும் மையத்திலிருந்து வந்தவன். துக்கம் கேட்கப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் நல்லாக் குறட்டை விட்டானேம்மா" என்றார்.

அந்தக் குறட்டை என்னவென்று அப்போதும் எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் உள்ளதைச் சொல்லியிருந்தால், மையத்திலிருந்து வந்து பதினோரு நாள், ராத்திரி ஒரு மாதிரிக் குறட்டை விட்டான், காலையில் இல்லை என்கிற அளவுக்காவது செய்தி நாலு வீடு தள்ளிப் போயிருக்கும். ஒரு தாய் எழுந்து கதவைத் தள்ளிப் பார்த்திருப்பாள். எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற அதையும் சேர்த்துப் புதைத்தோம்.

1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் குடி, போதைக்கான சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கியபோது, குடியால் இறந்த தன் கணவர் டி.டி.ரங்கநாதனின் பெயரையே அதற்கு வைத்தார். ஊரறிந்த டிடிகே தொழிலதிபர் குடும்பம். பெயர் கெட்டுவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? நீங்கள் கொண்டாடப்போகிற நாளே 2001-இல் மெல்பேர்னில் சாலி ஃபின் என்ற பெண் ஆரம்பித்தது, இப்படி இறந்தவர்களுக்காக வெளியே அழ முடியாமல் நின்றவர்களைப் பார்த்துத்தான்.

டாக்டரின் உரையைப் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒன்ராறியோவில் மருந்துக்கடைகளிலேயே நலோக்சோன் பெட்டியை இலவசமாகத் தருகிறார்கள். அதை மேடையில் பிரித்து, மூக்கில் எப்படி அடிப்பது, ஆளை எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று ஒவ்வொரு அம்மாவையும் கையால் செய்து பார்க்கவையுங்கள். ஆள் எழுந்துவிட்டாலும் 911-ஐக் கூப்பிட வேண்டும். 30 முதல் 90 நிமிடத்தில் நலோக்சோனின் வேகம் இறங்கி மூச்சு மறுபடி நிற்கலாம். கூப்பிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். உதவிக்குக் கூப்பிடுகிறவர் மேல், சொந்த உபயோகத்துக்குக் கையில் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது என்று 2017-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவைப் போய்ப் பார்த்தீர்களா? அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் ஆள் நடமாட்டம் நின்றுபோகும். ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் மாரடைப்பு என்று சொன்னால் திருத்தாதீர்கள். எப்போது சொல்வது என்பது அவர் இஷ்டம், சங்கம் அவர் மகனை மேடையில் இழுக்கக் கூடாது. சொல்வதற்கு ஒரு கதை வேண்டும் என்றால் ரவியின் கதையை வாசியுங்கள். பெயரோடு வாசியுங்கள்.