கண்ணாடிச் சுவர் எந்தத் திசை பார்க்கிறது?

கேள்வி: மாதிரி வீட்டின் கண்ணாடிச் சுவரில் மயங்கி அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம். எங்கள் வீட்டில் அந்தச் சுவர் மேற்குப் பார்த்து வருகிறது. வெயில் தாங்குமா? திரை போட்டால் போதாதா?

பதில்: போதாது. இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். கண்ணாடி வழியே உள்ளே வரும் வெயில் தரையையும் சோபாவையும் சூடாக்கும். அவை திருப்பி உமிழும் வெப்பம் வந்த வழியே எளிதில் வெளியேறாது. உள்ளே போடும் திரை கண் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் அதற்குள் சூடு வீட்டுக்குள் வந்துவிட்டதே! மாலை வெயில் சாய்ந்து விழுவதால் தலைக்கு மேல் நீட்டிய சன்ஷேடும் பெரிதாக உதவாது. கண்ணாடிக்கு வெளியே செங்குத்துப் பட்டைகள், உருட்டி இறக்கும் தட்டி, மரநிழல் இவைதான் வழி. வேலை இன்னும் முடியவில்லை என்றால் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியாக மாற்றித் தரச் சொல்லுங்கள், திறக்கும் பகுதி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்து 1951-இல் முடிந்த, அமெரிக்காவில் உள்ள ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கண்ணாடி. கதவைத் தவிரத் திறக்கக்கூடியவை கிழக்குப் பக்கத்து இரண்டு சிறு ஜன்னல்கள் மட்டுமே. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கும் வீடு அது. அதில் வாழ்ந்த மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வெக்கையைப் பற்றிப் புகார் சொன்னார். அவருக்கும் மீஸுக்கும் இடையே வந்த செலவுத் தகராறு நீதிமன்றம் வரை போனது. அவ்வளவு பெரிய கலைஞர் கட்டியதிலேயே இந்த நிலை என்றால், விற்பனைப் படத்தை நம்பி நாம் எப்படி முன்பணம் கொடுக்கலாம்?

கேள்வி: மொட்டை மாடி தட்டையாக இருந்தால் ஒழுகுமா?

பதில்: மீட்டருக்கு 1 செ.மீ.க்குக் குறையாமல் சரிவு இருக்க வேண்டும். சாவி வாங்கும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

கேள்வி: சமையலறை அலமாரிக்கு ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் என்றுதான் பேச்சு. ஆறே மாதத்தில் சிங்க் அடியில் பலகை உப்பிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டால், இது மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்கிறார். விற்றவரோ, "தண்ணீர் பட விட்டது உங்கள் தப்பு" என்கிறார். ஓய்வுப் பணம் எல்லாம் போட்டுச் செய்தது.

பதில்: உங்கள் தப்பு இதில் எதுவும் இல்லை. சிங்க் அடியில் ஈரம் படும் என்று தெரிந்துதானே மரைன் பிளைவுட் கேட்டீர்கள்? உப்பிய எம்டிஎஃப் பழைய நிலைக்குத் திரும்பாது, அதனால் "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பீட்டுச் சீட்டு, ரசீது, போனில் வந்த செய்திகள், உப்பிய பலகையின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தச்சரிடம் அவர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். பலகையை மாற்றித் தர நாள் குறித்துக் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போங்கள். அந்தக் கடிதத்தை எழுத உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், செய்கிறேன்.

கேள்வி: குளியலறைக்குப் பளபளப்பான பெரிய டைல்ஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். நான் போட்டேன். கடையில் விளக்கடியில் கண்ணாடி போல மின்னியது, வாங்கிவிட்டேன். இரண்டாவது மாதம் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எல்லாவற்றையும் உடைத்தெடுத்துச் சொரசொரப்பான சின்ன டைல்ஸ் பதித்தேன். கடையிலேயே டைல் மேல் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தைப் படிக்க நேரமில்லை. இப்போது அலமாரி, விளக்கு எதுவும் விலையில் சேராது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வாழ்நாளிலேயே பெரிய செலவு, படிக்க நேரமில்லையா? இன்று உட்கார்ந்து படியுங்கள். அதில் இருப்பதைத்தான் உறுதியாகக் கேட்க முடியும்.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் நவீன வீடே கூடாது போலிருக்கிறதே?

பதில்: அப்படியில்லை, எனக்கு அந்த வீடுகள் மிகவும் பிடிக்கும். நண்பர் ஒருவரின் வீடு அளவில் சின்னது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருப்பதால் காற்று குறுக்கே ஓடும். ஒரு சுவர் முழுக்க அலமாரி, அதனால் கூடத்தில் சாமான் தெரியாது. பகலில் யாரும் விளக்குப் போடுவதில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது. நீங்கள் பார்க்கப் போகும் வீடும் அப்படித்தானா என்று தெரிய, பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். எல்லா விளக்கையும் ஏசியையும் அணைக்கச் சொல்லி அரை மணி நேரம் உள்ளே இருங்கள். அப்புறம் துணி எங்கே காயும், துடைப்பம் எங்கே இருக்கும் என்று கேளுங்கள்.