பழைய எம்எக்ஸ்-5ஐ மாற்றலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் கார் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன். ஊர் திருச்சி, இருப்பது லண்டன் ஹாரோவில். என்னிடம் 1993 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, கூரையை மடக்கித் திறக்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 1.6 லிட்டர், சிவப்பு நிறம், 2009இல் வாங்கியது. குடும்பத்துக்குத் தனியாக ஒரு கார் உண்டு. இது என் ஆசைக்கு. கராஜில் நிற்கிறது. 2023 ஆகஸ்டில் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் கட்டணம், எங்கள் பக்கமும் வந்த பிறகு எடுப்பதே குறைந்துவிட்டது. எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்ட்.

இப்போது வாட்ஃபோர்டில் புது வேலை. வாரம் மூன்று நாள் காரில்தான் போகவேண்டும். 2019 மாடல் எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2 லிட்டர், 184 குதிரைத்திறன். டீலர் 16,500 பவுண்ட் சொல்கிறார். பழையதைக் கொடுத்தால் அதில் 2,000 கழித்துக்கொள்வாராம். இந்த வாரக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார்.

பழைய காரில் ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் இல்லை. மனைவிக்கு ஏறவே பயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். போன எம்ஓடியில் (வருடாந்தர வண்டிப் பரிசோதனை) பாஸ் போட்டாலும் பின் சக்கரத்துக்கு முன்னால் துரு இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மாற்றிவிடலாமா? மாற்றினால் துணிக்கூரையா, மோட்டாரில் மடங்கும் கெட்டிக்கூரை ஆர்எஃப்பா?

சுந்தர், ஹாரோ

அன்புள்ள சுந்தர்,

புதியதை வாங்குங்கள். பழையதை டீலரிடம் தள்ளிவிடாதீர்கள், அதுவும் இந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு இப்போது வேலைக்குப் போக ஒரு கார் வேண்டும். பழைய காரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மேஜையில் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டால் டீலருக்குத்தான் வசதி. 1993 மாடல் காரை அவர் தன் கடை வாசலில் நிறுத்தி விற்கப் போவதில்லை. நேராக ஏலத்துக்கு அனுப்புவார். அதற்கேற்ற விலைதான் அந்த 2,000.

முதலில் யூலெஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் கார் என்றால் புகைக்கான யூரோ 4 தரம் இருக்கவேண்டும். பொதுவாக 2005க்குப் பிறகு பதிவானவை தேறும். 2001 முதலே தேறுகிற சில கார்களும் உண்டு, பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 1993 மாடலுக்கு அந்த வழி கிடையாது. நாற்பது வயது முடிந்து வரலாற்று வாகனம் என்று பதிவு மாறினால்தான் விலக்கு. உங்கள் காருக்கு அது 2034. வேலைக்கு அதையே எடுத்தால் வாரத்துக்கு 37.50 பவுண்ட் போகும். ஞாயிறு மட்டும் என்றால், ஒரு ஞாயிறு விடாமல் போனாலும் வருடத்துக்கு 650. முன்னது அநியாயம். பின்னது ஆசைக்குக் கொடுக்கிற விலை, முடிந்தால் கொடுக்கலாம். கட்டணம் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதையும் மனதில் வையுங்கள். சனி இரவு ஊர் சுற்றிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினால் இரண்டு நாள் கணக்கு.

ஆக வாட்ஃபோர்டுக்கு அது உதவாது. அதில் சந்தேகமே இல்லை.

டிக் டிக் சத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அந்த 1.6 எஞ்சினில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகள் உண்டு. வண்டி பல நாள் நின்றால் அவற்றிலிருந்து ஆயில் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்து சூடாகும் வரை தட்டும், பிறகு அடங்கும். எடுக்காமலே நிறுத்தி வைக்கிற கார்களில் இது சகஜம். ஆயிலை மாற்றி நன்றாக ஒருமுறை ஓட்டினாலே பெரும்பாலும் குறையும். சூடான பிறகும் தட்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சினில் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் பில்லைத் தேடிப் பாருங்கள். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இந்த எஞ்சினில் ஒரு நிம்மதி, பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் போய் இடிக்காது. வழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

துருதான் இந்தக் காருக்கு எமன். நீங்கள் அதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதல் வரியில் வைத்திருப்பேன்.

துணிக்கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் பின்னால் வழிந்து, சீட்டுக்குப் பின்புறம் இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் துளையில் இறங்கி, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழவேண்டும். அந்தத் துளையில் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வேறு வழி தேடும். கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டி இருக்கிறதே, மெக்கானிக்குகள் 'சில்' என்பார்களே, அதற்குள் போய்த் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்பக்கத் தகடு பாதி போயிருக்கும்.

ஒரு சொம்பு தண்ணீர் போதும், நீங்களே பார்த்துவிடலாம். கூரையைப் பாதி மடக்கி, அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். யாரையாவது கீழே பார்க்கச் சொல்லுங்கள். உடனே தாராளமாகக் கொட்டினால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, ஊற்றினது மேலேயே நின்றாலோ அடைப்பு. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே குழாய் கிழியும் அல்லது கழன்றுவிடும். புல்வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் கயிறு இதற்கு நன்றாக உதவும். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னாலிருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவுங்கள். ஈரம் இருந்தால் விரலைவிட மூக்குக்கு முதலில் தெரியும்.

கடைசியாக ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லின் அடிப்பகுதியில் நகர்த்திக்கொண்டே வாருங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் தகடு இல்லை, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போதே அந்தக் காருக்குப் பதினாறு வயது. முந்தைய சொந்தக்காரர் என்னென்ன டிங்கரிங் செய்தாரோ.

இவ்வளவு சொல்லக் காரணம் எம்ஓடி விதி. சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், பலம் குறைகிற அளவுக்குத் துரு இருந்தால் பாஸ் கிடையாது. உங்கள் துரு இருக்கும் இடம் அந்த எல்லைக்குள்தான் வரும். இந்த வருடம் எச்சரிக்கை என்று எழுதியவர் அடுத்த வருடம் ஃபெயில் என்று எழுத வாய்ப்பு அதிகம். வெல்டிங் செய்யக் கொடுத்தால், அரித்த பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, உள்தகட்டையும் சரிசெய்து, மேல்தகட்டை மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய துருவின் மேலேயே ஒரு தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் கூடத் தாங்காது.

சரி, இப்போது ஓட்டுகிற விஷயம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இந்தக் கார் வந்தபோது கிட்டத்தட்ட யாருமே இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருக்கவில்லை. அறுபதுகளில் பிரிட்டிஷ்காரர்கள் செய்த இரண்டு சீட் திறந்த கார்களை, லோட்டஸ் எலானை முக்கியமாக, மனதில் வைத்து ஜப்பானியர்கள் செய்தது. வித்தியாசம், மழையிலும் ஸ்டார்ட் ஆனது. நம் ஊருக்கும் அந்தப் பிரிட்டிஷ் குடும்பத்தோடு ஒரு தூரத்து உறவு உண்டு. சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் கவென்ட்ரியில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். திருச்சியில் யார் வீட்டிலாவது ஹெரால்டு பார்த்திருப்பீர்கள்.

உங்கள் 1.6க்கு 115 குதிரைத்திறன் பக்கம், எடை ஆயிரம் கிலோவுக்குள். புதியதும் அதிகம் ஊதிவிடவில்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோதான், நீளத்தில் பழையதைவிடச் சற்றுக் குட்டை. இத்தனை ஏர்பேக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்த பிறகும் இந்த எடை என்பது பெரிய சாதனை. 7,500 ஆர்பிஎம் வரை எஞ்சின் ஆசையாக ஏறும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பழையதுக்கு ஒன்பது விநாடி பக்கம் ஆகும், இதற்கு ஆறரை.

அந்த ஆறரையை எங்கே செலவழிப்பீர்கள் என்றுதான் யோசிக்கிறேன். லண்டனில் பல தெருக்களில் வேக எல்லையே 20 மைல்தான். பழையதில் ரவுண்டானாவை 25 மைலில் திரும்பினாலே ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும். ஸ்டியரிங் உள்ளங்கையில் ரோட்டைச் சொல்லும். புதியதில் எலக்ட்ரிக் ஸ்டியரிங், துல்லியம் உண்டு, ஆனால் பேச்சுக் குறைவு. புதியதை டெஸ்ட் டிரைவ் எடுக்கிற அன்றைக்கே பழையதிலும் அதே ரோட்டில் போய் வாருங்கள். ஒரு நாள் கட்டணம் போனால் போகட்டும். வெண்டோவர் பக்கம் சில்டர்ன் மலைரோடு ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. வேகமானது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டாம், அது தெரிந்ததுதான். இறங்கின பிறகு எதன் சாவியை உடனே திரும்பக் கேட்கத் தோன்றுகிறது என்று பாருங்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைச் சமாளிக்க நானும் வாதம் தேடப்போவதில்லை. நவம்பர் மாலை, மழை, இருட்டு, பக்கத்தில் இரண்டு டன் எஸ்யூவி. அதில் தினசரி போய்வர ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத பின்சக்கர டிரைவ் கார் வேண்டாம். சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்குகிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், 2014 நவம்பர் முதல் ஐரோப்பாவில் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். உங்களுக்கு வேண்டியது அதுதான். 184 குதிரைத்திறன் அதற்கப்புறம்.

அதனால் என் யோசனை இது. சில் கெட்டியாக இருந்தாலோ, வெல்டிங் செலவைத் தாங்க முடிந்தாலோ, புதியதை வாங்கிவிட்டுப் பழையதை ரோட்டில் எடுக்கவில்லை என்று அரசுக்குத் தெரிவித்து ('சார்ன்' என்பார்கள்) கராஜில் நிறுத்துங்கள். சாலை வரி கிடையாது, யூலெஸ் கிடையாது. அந்த வரியும் லேசுப்பட்டதில்லை. 2001 மார்ச்சுக்கு முந்தைய கார்களுக்கு 1549 சிசிதான் எல்லைக்கோடு. உங்களுடையது 1597. 48 சிசி அதிகமாக இருக்கிற பாவத்துக்கு 5.3 லிட்டர் ஜாகுவாருக்குச் சமமாகக் கட்டுகிறீர்கள்! ஒரு குளிர்காலம் அப்படியே இருக்கட்டும். மார்ச் மாதம் வெயில் எட்டிப் பார்க்கும்போது கராஜ் கதவைத் திறக்கக் கை போகிறதா பாருங்கள். போனால் வரி கட்டி, வருடத்தில் குறைந்த தூரமே ஓடுகிற பழைய கார்களுக்கான கிளாசிக் இன்ஷூரன்ஸ் எடுத்து ஞாயிறுகளில் ஓட்டுங்கள். போகவில்லையென்றால் விற்றுவிடுங்கள். திறந்த காருக்கு வாங்குகிறவன் வருவது வசந்தத்தில்தான், டீலர் சொன்னதைவிட நல்ல விலையும் கிடைக்கும். நிறுத்தி வைத்திருந்த மாதங்களில் அதன் விலை ஒன்றும் இறங்கியிருக்காது. புதியதுதான் நின்றாலும் ஓடினாலும் விலை இறங்கிக்கொண்டே இருக்கும். அது பில் வராத செலவு.

இரண்டு பக்கமும் உள்தகடு அரித்துப்போய், வெல்டிங்குக்கு மனசும் பணமும் இல்லையென்றால் வைத்திருக்காதீர்கள். துருவையே பெரிதாகப் படம் எடுத்துப் போட்டு இப்போதே விளம்பரம் கொடுங்கள். தானே வெல்டிங் செய்கிறவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் உண்டு, தேடி வந்து வாங்குவார்கள்.

புதியதில் ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தத் தலைமுறையின் ஆரம்ப வருடங்களில் கியர்பாக்ஸ் உடைந்த புகார்கள் வந்தன, மாஸ்டா பிறகு திருத்தங்கள் செய்தது. நீங்கள் பார்ப்பது 2019 என்பதால் பயம் குறைவு. இருந்தாலும் சூடான பிறகு இரண்டாவது, மூன்றாவது கியரை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள், உறுத்தல் இருக்கக்கூடாது. வாங்கிய கையோடு அடிப்பகுதிக்குத் துருத்தடுப்பு மெழுகு அடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிற ஊரில் அந்தக் காசு வீண் போகாது.

கூரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணிக்கூரையைச் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம், சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் முடியும். ஆர்எஃப் மோட்டாரில் மடங்கும், எடை நாற்பது கிலோ சொச்சம் கூடுதல், திறந்தாலும் பின் தூண்கள் அப்படியே நிற்பதால் முழுத்திறப்பு கிடைக்காது. ஓட்டுவதற்கு நான் துணியைத்தான் எடுப்பேன். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே கராஜ். அதில் சிவப்பு நின்றால் புதியது ராத்திரி தெருவில் நிற்கும். துணியைக் கீற ஒரு பிளேடு போதும். டீலர் காட்டிய கார் துணிக்கூரை என்றால், கராஜ் யாருக்கு என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.