கேமராவைக் கழற்றுங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் சப்மெர்சிபிள் பம்பு தயாரிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 22 வருடமாகிறது, 40 பேர் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றாட வேலையிலிருந்து விலகியே ஆக வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் நான் இல்லாவிட்டால் அங்கே எதுவும் நகர்வதில்லை. மேலாளர் 14 வருடமாக இருக்கிறார், நாணயமானவர். இருந்தும் மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பி (வைண்டிங் கம்பி) வாங்கக்கூட எனக்குத்தான் போன் செய்கிறார். 5,000 ரூபாய்க்கு மேல் எந்தக் காசோலைக்கும் நான்தான் கையெழுத்து. இப்போது பட்டறை முழுவதும் கேமரா பொருத்தி வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பை ஒப்படைக்கத் தகுதியான ஆள் கிடைப்பதில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான், வர மறுக்கிறான். நிர்வாகப் பயிற்சி வகுப்பில் சேரலாமா, ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் உடம்பைப் பாருங்கள். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுங்கள். மகனை விட்டுவிடுங்கள், அவன் தன் வழியைத் தேர்ந்துகொண்டான். பயிற்சி வகுப்பு, ஆலோசகர் பற்றியெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடிதத்தைப் படித்து முடித்ததும் என் மனம் உங்கள் மேலாளரிடம் போய் நின்றுவிட்டது. கம்பி வாங்கக்கூடப் போன் செய்கிறார் என்று குறைப்படுகிறீர்கள். அடுத்த வரியிலேயே ஐயாயிரத்துக்கு மேல் கையெழுத்து உங்களுடையது என்கிறீர்கள். செம்பு விற்கும் விலையில் அந்தப் பணத்துக்கு எவ்வளவு கம்பி வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் போன் செய்யாமல் வேறு என்ன செய்வார்? கையைக் கட்டியது நீங்கள். கை நீளவில்லை என்று வருந்துவதும் நீங்களே.

சில மாதங்களாக நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் வணிகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் கடன் கொடுக்கும் செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. முதலாளிகளில் பலர் செட்டிநாட்டில் இருந்தார்கள். கடையை நடத்தியவர் ஏஜெண்ட். அவருக்கு மூன்று வருடத் தவணை. சம்பளம் முழுத் தவணைக்கும் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். அதில் ஒரு பகுதி கப்பலேறும் முன்பே கைக்கு வந்துவிடும், குடும்பம் ஊரில் சாப்பிட வேண்டுமே. லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. முதலாளியின் அதிகாரப் பத்திரம் அவர் கையில் இருக்கும். யாருக்குக் கடன், எவ்வளவு, என்ன வட்டி என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் அவரே தீர்மானிப்பார். கணக்கு ஒழுங்காக ஊருக்கு வர வேண்டும், தவணை முடிவில் ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் இறுதிக் கணக்கு, சரியாக நிற்க வேண்டும். முதலாளி கேட்டது அதைத்தான். தந்தி அந்தக் காலத்திலும் இருந்தது. ஒவ்வொரு கடனுக்கும் தந்தி அடித்து உத்தரவு கேட்டிருந்தால் அத்தனை கடைகள் நடந்திருக்குமா?

அந்த ஏஜெண்ட் வானத்திலிருந்து விழவில்லை. சிறுவனாகப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில், பெட்டியடியில் உட்கார்ந்து, கணக்கெழுதப் பழகி, ஏஜெண்டின் உதவியாளரான அடுத்தாளாகி, மேலே இருப்பவர் ஆளை எடைபோடும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து, அதன்பிறகு ஒரு கடைக்குப் பொறுப்பானார். அவர்களில் சிலர் பிறகு தாங்களே முதலாளிகளானார்கள்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். பர்மாவின் பெகு நகரில் ஏஜெண்டாக இருந்தவர். முதல் தவணையிலேயே ஓர் அரிசி ஆலைக்காரருக்குக் கொடுத்த பெருந்தொகை மூழ்கிப்போனதாம். நடந்ததை ஒளிக்காமல் முதலாளிக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார். வந்த கடிதத்தில் வசவு இல்லை. அடுத்த அறுவடைக்கு யார் யாருக்குக் கொடுக்க உத்தேசம் என்று மட்டும் கேட்டிருந்தாராம். கிழவர் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். தவணை முடிவதற்குள் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டேன் என்பார். அந்த முதலாளிக்கு மட்டும் பதற்றம் இருந்திருக்காதா? போனது அவருடைய பணம். பதற்றத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் அனுப்பினார். நீங்கள் பழக வேண்டியது இதைத்தான் கே. எந்த வகுப்பில் இதைச் சொல்லித்தருவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வணிகத்துக்கு மறுபக்கம் உண்டு. விலைவாசி சரிந்த முப்பதுகளில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் பெருமளவில் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு ஏக்கராக இருந்தது, 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அந்தத் துயரத்தை நான் மறைக்கவில்லை. ஆளை நம்பி அதிகாரம் கொடுத்த முறையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

அவர்கள் சொந்த சமூகத்து ஆட்களை நம்பினார்கள், எனக்கு யார் இருக்கிறார்கள் என்பீர்கள். மதுரைக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பள்ளிகளில் படிப்பை முடித்த பெண்களை அழைத்துவந்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வைப் பரிசோதனை, கண்ணாடி அளவு, அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகள், நோயாளியிடம் பொறுமையாக விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர் தனக்கு மட்டுமே தெரிந்த வேலையைச் செய்கிறார். அதனால்தான் அங்கே ஒருவரால் ஒரே நாளில் அத்தனை அறுவைகள் செய்ய முடிகிறது. தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்று இனி எனக்கு எழுதாதீர்கள். 14 வருடம் உங்களிடம் இருந்த மனிதர் இன்னும் தகுதி பெறவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேமராவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, இரவில் படுக்கையில் கிடந்தபடி, லேத்தில் நிற்பவன் எத்தனை முறை தேநீர் குடிக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை ஓய்வு என்று உங்கள் மனைவியிடம் சொல்லிவைத்திருப்பீர்கள். தலைக்கு மேலே உங்கள் கண் இருக்கிறது என்று தெரிந்தபின் அந்த மேலாளர் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்வாரா? வாசலுக்கும் கிடங்குக்கும் கேமரா இருக்கட்டும், திருட்டுப் பயம் நியாயமானது. மற்றவற்றைக் கழற்றுங்கள்.

மேலாளரை இந்த வாரமே வீட்டுக்கு அழையுங்கள், பட்டறையில் வேண்டாம். எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமல் செலவழிக்கலாம் என்பதை அவரோடு பேசி எழுத்தில் வையுங்கள். கொள்முதல், ஆள் சேர்ப்பது, வாடிக்கையாளருக்குக் கடன் தவணை கொடுப்பது மூன்றும் அவருடையவை. லாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு எழுதுங்கள். அதில் கை நடுங்கினால் மேலே நான் எழுதியது எல்லாம் வீண். கணக்கு மாதம் ஒருமுறை உங்களிடம் வரட்டும். தப்பு நடக்கும், பணம் போகும். அன்று அவருக்குப் போன் செய்யாதீர்கள், மாதக் கணக்கு வரும்போது கேளுங்கள்.

பேசி முடித்ததும் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஐயாயிரத்தைப் பத்தாயிரம் ஆக்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்